பிரான்ஸ் போவாஸ்: பிறப்பை அளவுகோலாக்க மறுத்த மானிடவியலாளர்

1916ஆம் ஆண்டு மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில், இந்தியாவிலிருந்து வந்திருந்த 25 வயது மாணவர் ஒருவர் ஓர் ஆய்வுரையை வாசித்தார். இந்தியச் சாதிகளின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி ஆகியவற்றை ஆராய்ந்த அந்த உரையை எழுதியவர் பீமராவ் அம்பேத்கர். கருத்தரங்கை நடத்தியவர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர். கோல்டன்வைசருக்கு மானிடவியல் கற்பித்தவர் பிரான்ஸ் போவாஸ்.

அமெரிக்க மானிடவியலின் தந்தை என்று போற்றப்படும் போவாஸின் பெயர் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் மானிடவியல், சமூகவியல் பாடங்களில் ஓரிரு பத்திகளில் வந்து போகும். பண்பாடு, இனவரைவியல், தன்னினமையவாதம், பண்பாட்டுச் சார்பியம் ஆகிய கலைச்சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்கள், அவை எந்தப் போராட்டத்தில் உருவாயின என்பதை அறிவதில்லை. ஒரு மனிதரின் தகுதி அவரது பிறப்பில் அடங்கியிருக்கிறது என்ற கோட்பாடு அறிவியலின் பெயரால் ஆட்சி செய்த காலத்தில், அந்தக் கோட்பாட்டை அறிவியலைக் கொண்டே எதிர்த்தவர் போவாஸ். பிறப்பால் மனிதரைத் தரம் பிரிக்கும் நாட்டில் வாழும் நாம் அவரது வாழ்வைப் படிக்க வேண்டியதற்கு இதுவே போதிய காரணம். அவர் எங்கே தவறினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மின்டன் நகரிலிருந்து பனிநிலத்துக்கு

போவாஸ் 1858 ஜூலை 9 அன்று அன்றைய பிரஷ்யாவின் மின்டன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வணிகர். தாய் சோஃபி அந்நகரில் குழந்தைகள் பள்ளி ஒன்றை நிறுவியவர். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் குடியாட்சிக் கொள்கைகள் அந்த வீட்டில் உயிரோடு இருந்தன. ஆனால் வீட்டுக்கு வெளியே யூத வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்தது. மாணவப் பருவத்தில் போவாஸ் வாட்சண்டைகளில் ஈடுபட்டார். அவரது முகத்தில் கடைசிவரை தங்கிவிட்ட தழும்புகள் அப்போது வந்தவை. யூதர்களைப் பற்றிய இழிசொல்லைப் பொறுக்காமல் இறங்கிய சண்டைகளும் அவற்றில் உண்டு என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அவர் முதலில் கற்றது இயற்பியல். 1881இல் கீல் பல்கலைக்கழகத்தில் கடல்நீரின் நிறம் குறித்த ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு அவரை எதிர்பாராத கேள்விக்கு இட்டுச் சென்றது. நீரின் நிறத்தைக் கருவி அளக்கலாம். ஆனால் எது நீலம், எது பச்சை என்று முடிவு செய்வது பார்ப்பவரின் பழக்கம். உலகம் நமக்குத் தோன்றும் விதத்தில் உலகின் பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு என்ற ஐயம் அவரை இயற்பியலிலிருந்து புவியியலுக்கும், அங்கிருந்து மானிடவியலுக்கும் நகர்த்தியது.

1883இல் அவர் வட அமெரிக்காவின் வடகோடியிலுள்ள பாஃபின் தீவுக்குக் கப்பலேறினார். நில அமைப்புக்கும் இனுயிட் மக்களின் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது அவர் நோக்கம். ஓராண்டு அங்கே வாழ்ந்தார். இனுயிட் மக்களோடு நாய்வண்டிகளில் பயணம் செய்தார். அவர்களின் பனிவீடுகளில் உறங்கினார். அவர்கள் உண்ட சீல் இறைச்சியை உண்டார். தம் நிலத்தின் கடற்கரைகளை நினைவிலிருந்தே அவர்கள் வரைந்து தந்த வரைபடங்கள் அவருடைய ஆய்வுக்கு உதவின. அந்தக் குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவிக் குழந்தைகள் பலர் இறந்ததையும் அவர் கண்டார்.

மானிடவியலில் களப்பணி என்று வழங்குவது இதுதான். ஒரு சமூகத்தைப் பற்றித் தொலைவிலிருந்து கேள்விப்பட்டு எழுதாமல், அவர்களோடு நீண்டகாலம் தங்கி, மொழியைக் கற்று, அன்றாட வாழ்வில் பங்கேற்று அறிவது. அவ்வாறு அறிந்ததை முறையாகப் பதிவு செய்வது இனவரைவியல். களப்பணியை முழுமையான முறையியலாக வளர்த்ததில் பின்னர் வந்த மாலினோவ்ஸ்கிக்குப் பெரும்பங்கு உண்டு என்றாலும், அன்றைய ஐரோப்பிய அறிஞர்கள் பலர் பயணிகளும் பாதிரியார்களும் எழுதிய குறிப்புகளை நூலகத்தில் புரட்டியே உலக மக்களைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தனர் என்பதை நினைத்தால் போவாஸின் பயணத்தின் பொருள் விளங்கும்.

பனிநிலத்தில் அவர் பெற்ற முதன்மையான பாடம் எளியது. ஐரோப்பியர் காட்டுமிராண்டிகள் என்று அழைத்த மக்களிடம் விருந்தோம்பலும் பகிர்ந்துண்ணலும் பொறுமையும் இருந்தன. தம்முடைய சமூகத்தார் அவர்களைவிட உயர்ந்தவர்கள் என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது என்று அவர் தம் நாட்குறிப்பில் தம்மையே கேட்டுக்கொண்டார். தன் சமூகத்தின் வழக்கங்களையே இயல்பானவை, உயர்ந்தவை எனக் கொண்டு, அந்த அளவுகோலால் மற்றவர்களை மதிப்பிடும் போக்கைத் தன்னினமையவாதம் என்கிறோம். எதை உண்பது, இறந்தவரை எரிப்பதா புதைப்பதா, எந்தத் தெய்வத்தை எப்படி வழிபடுவது என்பவற்றை வைத்து ஒரு மக்கள் குழுவைத் தாழ்ந்தது என்று முத்திரை குத்தும் எவரும் இந்த நோய்க்கு ஆளானவரே. மாட்டிறைச்சி உண்பதை இழிவின் அடையாளமாக்கிய நம் நாட்டுக்கு இந்தச் சொல்லை விளக்க வெளிநாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஒற்றைப் படிக்கட்டை மறுத்தல்

போவாஸ் அமெரிக்காவில் குடியேறியது 1887இல். மானிடவியலில் அப்போது கோலோச்சியது பண்பாட்டுப் பரிணாமவாதம். எட்வர்ட் டைலர் 1871இலும், லூயி ஹென்றி மார்கன் 1877இலும் வெளியிட்ட நூல்கள் அதன் அடிப்படை. மனித குலம் முழுவதும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறது. கீழ்ப்படி காட்டுநிலை, நடுப்படி அநாகரிக நிலை, மேற்படி நாகரிகம் என்பது மார்கனின் வகைப்பாடு. மேற்படியில் ஐரோப்பியர் இருந்தனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பண்பாடு என்பது அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகியவற்றை உள்ளடக்கியது; அது சமூகத்தின் உறுப்பினராக இருப்பதால் ஒருவர் பெறுவது என்று வரையறுத்த பெருமை டைலருக்கு உண்டு. ஆனால் அவரும் பண்பாடு ஒன்றே என்றும், மக்கள் அதில் வெவ்வேறு உயரங்களில் நிற்கின்றனர் என்றும் கருதினார்.

1887இலேயே போவாஸ் இந்தப் படிக்கட்டோடு மோதினார். வாஷிங்டனிலிருந்த தேசிய அருங்காட்சியகத்தில் உலகெங்கிலுமிருந்து கொண்டுவந்த பொருள்களை வகைவாரியாக, எளியதிலிருந்து சிக்கலானது வரை அடுக்கி வைத்திருந்தனர். கிலுகிலுப்பைகள் ஓரிடம், விற்கள் ஓரிடம் என. போவாஸ் இதை எதிர்த்தார். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் கிலுகிலுப்பை ஓரிடத்தில் குழந்தையின் விளையாட்டுப் பொருள். வேறோரிடத்தில் சடங்குக் கருவி. பொருளின் உருவத்தை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஒரு பொருளை அது பிறந்த சமூகத்தின் பிற பொருள்களோடும் வாழ்க்கையோடும் சேர்த்து வைத்தால்தான் அதன் பொருள் தெரியும் என்றார் அவர். ஒரே வகையான விளைவு பல காரணங்களால் ஏற்படலாம் என்ற இந்த வாதம், ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் சொந்த வரலாற்றின் வழியே அறிய வேண்டும் என்ற வரலாற்றுத் தனித்தன்மைக் கோட்பாடாக வளர்ந்தது. பண்பாடு என்ற சொல்லைப் பன்மையில், பண்பாடுகள் என்று வழங்கும் பழக்கம் மானிடவியலில் வேரூன்ற இதுவே வழிவகுத்தது.

1889இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை மொழி பற்றியது. தொல்குடி மக்கள் ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஒலியில் உச்சரிக்கின்றனர், அவர்களின் மொழி இன்னும் பக்குவப்படவில்லை என்று அறிஞர்கள் சிலர் எழுதிவந்தனர். குறை பேசுபவரிடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது என்று போவாஸ் நிறுவினார். கேட்பவர் தம் தாய்மொழியின் ஒலிகளைக் கொண்டே அயல்மொழியைக் கேட்கிறார். தமிழின் ழகரத்துக்குப் பழகாத ஒருவர் அதை ஒரு முறை லகரமாகவும் மறுமுறை ரகரமாகவும் எழுதிக்கொண்டு, தமிழர்களுக்கு நிலையான உச்சரிப்பு இல்லை என்று முடிவு கட்டினால் எப்படியோ, அப்படித்தான் அந்த அறிஞர்களின் முடிவும். ஆய்வாளரின் காதும் கண்ணும் நடுநிலையானவை அல்ல என்ற இந்தக் கண்டறிதல் பின்னாளைய மானிடவியலுக்கு அடிப்படையாயிற்று.

கொடையும் சட்டமும்

1886 முதல் கனடாவின் மேற்குக் கரையில் வாழும் பூர்வகுடிகளிடையே போவாஸ் பலமுறை களப்பணி செய்தார். அங்கே குவாக்கியூட்ல் என்று அப்போது அழைக்கப்பட்ட மக்களிடம் பாட்லாட்ச் என்னும் பெருவிருந்துக் கொடை வழக்கம் இருந்தது. திருமணம், பெயர்சூட்டல், இறப்பு போன்ற நிகழ்வுகளில் தலைவர்கள் கம்பளிகளையும் பிற செல்வங்களையும் விருந்தினருக்கு வாரி வழங்குவர். வழங்குபவரின் மதிப்பு உயரும்; பெற்றவர் பின்னொரு நாளில் திருப்பி வழங்கக் கடமைப்படுவார். கனடா அரசுக்கு இது வீண் ஊதாரித்தனமாகத் தோன்றியது. 1884இல் இயற்றிய சட்டத்தால் அதைத் தடை செய்தது. தடை 1951 வரை நீடித்தது.

போவாஸ் இந்த வழக்கத்தை அம்மக்களின் பொருளியலாகப் பார்த்தார். எழுத்தில்லாத சமூகத்தில் பலர் முன்னிலையில் வழங்கும் கொடை ஒரு கடன் பத்திரத்துக்கு ஈடானது. எதிர்காலத்துக்கும் பிள்ளைகளுக்குமான சேமிப்பும் அதுவே என்று விளக்கினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடமையாகத் தோன்றுவது உள்ளிருப்பவருக்குப் பொருளுள்ளதாக இருக்கும். தீர்ப்புச் சொல்லும் முன் அந்தப் பொருளை அறிய வேண்டும். பண்பாட்டுச் சார்பியம் என்ற கருத்தாக்கத்தின் கரு இதுதான்.

இந்த ஆய்வுகளில் போவாஸுக்குத் துணையாக இருந்தவர் ஜார்ஜ் ஹன்ட். டிலிங்கிட் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்து குவாக்கியூட்ல் மக்களிடையே வளர்ந்தவர். போவாஸிடம் அம்மொழியை எழுதக் கற்று, பல்லாயிரம் பக்கங்களில் கதைகளையும் சடங்குகளையும் பதிவு செய்து அனுப்பினார். போவாஸின் நூல்களுக்குள் இருக்கும் உழைப்பில் பெரும்பகுதி ஹன்ட்டுடையது. ஆனால் பேராசிரியர் பதவியும் புகழும் ஒருவருக்கே வாய்த்தன. ஒடுக்கப்பட்ட சமூகங்களைப் பற்றி எழுதும் ஆய்வுகளில் தகவல் தருபவர் யார், ஆசிரியர் என்று பெயர் பெறுபவர் யார் என்ற கேள்வி இன்றும் முடிந்துவிடவில்லை.

அருங்காட்சியகத்தில் இருந்த எலும்புகள்

போவாஸின் வாழ்வில் மறைக்கக் கூடாத பக்கம் ஒன்று உண்டு. 1888இல் கனடாவின் மேற்குக் கரையில் பூர்வகுடிகளின் கல்லறைகளிலிருந்து அவர் மண்டையோடுகளையும் எலும்புகளையும் எடுத்தார். அது விரும்பத்தகாத வேலை என்று அவரே எழுதி வைத்தார். ஆனாலும் அறிவியலுக்காக யாரேனும் செய்துதான் ஆக வேண்டும் என்று தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

1896இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் பணியேற்றார். கிரீன்லாந்திலிருந்து ஆய்வுக்காக இனுயிட் ஒருவரை அழைத்து வருமாறு துருவப் பயணி ராபர்ட் பியரியிடம் கேட்டிருந்தார். 1897இல் பியரி அழைத்து வந்தது ஆறு பேரை. அவர்களை அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் தங்க வைத்தனர். சில மாதங்களுக்குள் காசநோயால் நால்வர் இறந்தனர். அவர்களில் ஒருவர் கிசுக். அவருடைய மகன், சிறுவன் மினிக். தந்தையைப் புதைத்துவிட்டதாகச் சிறுவன் நம்பும்படி, மரக்கட்டை ஒன்றைத் தோலால் போர்த்தி, அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் பொய்யான அடக்கச் சடங்கு ஒன்றை நடத்தினர். கிசுக்கின் எலும்புக்கூடு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் உண்மையை அறிந்த மினிக் தந்தையின் எலும்புகளைக் கேட்டுப் போராடினார், கிடைக்கவில்லை. 1918இல் அவர் இறந்தார். அந்த நால்வரின் எலும்புகள் கிரீன்லாந்துக்குத் திரும்பியது 1993இல்தான். பொய்யான அடக்கம் சிறுவனின் மனத்தைத் தேற்றவே நடந்தது என்று போவாஸ் அதற்கு நியாயம் சொன்னார்.

மனிதரெல்லாம் நிகர் என்று எழுதிய கைதான் இதையும் செய்தது. ஆய்வு செய்பவருக்கும் ஆய்வுக்கு உள்ளாகும் மக்களுக்கும் இடையே அதிகார ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை, நல்ல கோட்பாடு மட்டும் மனிதரைக் காப்பாற்றாது. முன்கூட்டிய இசைவு, தீங்கிழைக்காமை, தரவின் மீது மக்களுக்குள்ள உரிமை ஆகிய ஆய்வு அறநெறிகளை இன்றைய மானிடவியல் வலியுறுத்துவதன் பின்னணியில் இத்தகைய கொடுமைகள் உள்ளன. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து தம் முன்னோரின் எச்சங்களை மீட்க நாகா மக்கள் எடுத்துவரும் முயற்சி, இந்தக் கணக்கு நம் அருகிலும் தீராமல் இருப்பதைக் காட்டுகிறது.

தலையை அளந்தவர்களும் மூக்கை அளந்தவர்களும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனித உடலை அளப்பது பெரும் தொழிலாகவே நடந்தது. மண்டையோட்டின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் தலைக் குறியீட்டெண் எனப்பட்டது. அது தலைமுறைகள் தோறும் மாறாதது, இனத்தின் முத்திரை என்று நம்பினர். இந்தியாவில் இந்த வேலையைச் செய்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான அவர், மூக்கின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்றார். மூக்கு அகல அகலச் சமூகத் தகுதி தாழும் என்பது அவர் கண்ட விதி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக அவரது நூல் வெளிவந்தது. சாதிப் படிநிலை இனப் படிநிலையின் வெளிப்பாடு என்ற கருத்துக்கு இந்த அளவீடுகள் அறிவியல் சாயம் பூசின.

அதே ஆண்டுகளில் போவாஸ் அதே கருவியைக் கையிலெடுத்து எதிர்த்திசையில் சென்றார். 1908 முதல் அமெரிக்கக் குடிவரவு ஆணையத்துக்காக, நியூயார்க்கில் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 18,000 பேரை அவரும் உதவியாளர்களும் அளந்தனர். ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைகளையும், அதே பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தலை சற்று நீண்டிருந்தது. சிசிலியரின் பிள்ளைகளுக்குச் சற்றுக் குறுகியிருந்தது. மாறாதது என்று எல்லோரும் நம்பிய அளவு ஒரே தலைமுறையில் மாறியிருந்தது. சூழல் மாறினால் உடலமைப்பே மாறும் என்றால், மனத்தின் ஆற்றல் பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்பது எப்படி நிற்கும்? இந்தத் தரவுகளை 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு குழுக்கள் மீண்டும் கணக்கிட்டன. மாற்றத்தின் அளவு மிகச் சிறியது என்றது ஒன்று. போவாஸின் முடிவு பெரிதும் சரியே என்றது மற்றொன்று.

1911இல் அவர் வெளியிட்ட தொல்மனிதரின் மனம் பற்றிய நூல் மூன்று செய்திகளைப் பிரித்துக் காட்டியது. உடல்வகை, மொழி, பண்பாடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல. ஒரே உடல்வகை மக்கள் வெவ்வேறு மொழி பேசுகின்றனர். ஒரே மொழி பேசுவோர் வெவ்வேறு பண்பாட்டினர். எனவே ஒரு குழுவின் இன்றைய நிலைக்குக் காரணத்தை அதன் குருதியில் தேடாமல் அதன் வரலாற்றில் தேட வேண்டும்.

இதே செய்தியை அவர் 1906இல் கறுப்பின மாணவர்களிடம் நேரில் சொல்லியிருந்தார். டு போய்ஸின் அழைப்பை ஏற்று அட்லாண்டாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசிய அவர், ஆப்பிரிக்கரின் இரும்பு உருக்கும் தொழிலையும், வேளாண்மையையும், அரசுகளையும், கலைகளையும் எடுத்துக்காட்டினார். தம் முன்னோருக்கு வரலாறே இல்லை என்று கற்பிக்கப்பட்டிருந்த அந்த அரங்கில் அது பெரும் அதிர்வை உண்டாக்கியது. தம் மக்களின் கடந்த காலத்தைப் பற்றிய தம் சொந்த எண்ணமே அன்று விழித்துக்கொண்டது என்ற பொருளில் டு போய்ஸ் பிற்காலத்தில் எழுதினார். வரலாறு மறுக்கப்பட்ட மக்களுக்கு வரலாற்றை மீட்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அயோத்திதாசரைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ஆயினும் போவாஸ் தம் காலத்தை முழுவதும் கடந்தவர் அல்லர். இனங்களுக்கிடையே சராசரி மூளை அளவில் சிறு வேறுபாடு இருக்கலாம் என்பதைத் தொடக்க கால எழுத்துகளில் அவர் ஏற்றிருந்தார். நிறவெறிக்குத் தீர்வு காலப்போக்கிலான இனக்கலப்பு என்றும் கருதினார்; ஒடுக்குபவர் மாற வேண்டும் என்பதைவிட ஒடுக்கப்பட்டவரின் உடல் அடையாளம் கரைய வேண்டும் என்பதாக அது முடிந்துவிடுகிறது.

கொலம்பியாவின் வகுப்பறை

1899 முதல் கொலம்பியாவில் பேராசிரியராக இருந்த போவாஸ் உருவாக்கிய மாணவர்களே அடுத்த தலைமுறையின் மானிடவியலாயினர். க்ரோபர், லோவி, சபீர், ரூத் பெனடிக்ட், மார்கரெட் மீட் ஆகியோர் அவர்களில் சிலர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் முழுமையாகத் திறவாத காலத்தில் அவர் பெண்களை ஆய்வாளர்களாக வளர்த்தார். கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் அவரிடம் பயின்று, தம் சொந்தத் தென்மாநில மக்களின் வழக்காறுகளைத் தொகுத்தார். டகோட்டாப் பூர்வகுடியைச் சேர்ந்த எல்லா டெலோரியா தம் மொழியை அவரோடு இணைந்து ஆராய்ந்தார். ஆய்வுப் பொருளாக மட்டும் பார்க்கப்பட்ட சமூகங்களிலிருந்து ஆய்வாளர்கள் எழுந்தது மானிடவியலில் ஒரு திருப்பம்.

இந்தச் சூழலுக்குள்தான் 1913இல் அம்பேத்கர் வந்து சேர்ந்தார். அவரது முதன்மைப் பாடம் பொருளியல். அதனோடு மானிடவியலையும் சமூகவியலையும் பயின்றார். கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அவர் வாசித்த உரையை மானிடவியலின் இரு அடிப்படைச் சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். தன் குழுவுக்கு வெளியே மட்டும் மணம் செய்வது புறமணம். தன் குழுவுக்குள்ளேயே மணம் செய்வது அகமணம். கோத்திரத்துக்கு வெளியே மணம் செய்யும் புறமண வழக்கம் இந்தியாவில் ஆழமாக வேரூன்றியது. அதன் மீது அகமணம் சுமத்தப்பட்டபோது சாதி பிறந்தது என்றார் அம்பேத்கர். அகமண வட்டம் உடையாமல் இருக்க வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனை இழந்த பெண்ணும் மனைவியை இழந்த ஆணும் வட்டத்துக்கு வெளியே துணை தேடினால் வட்டம் உடையும். எனவே பெண்ணுக்கு உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் விதிக்கப்பட்டன. ஆணுக்குச் சிறுமியை மணம் முடித்தனர். சாதியின் காவலரணாகப் பெண்ணுடல் ஆக்கப்பட்டதை 1916இலேயே இவ்வாறு அவர் விளக்கினார். இன்று சாதி மறுப்பு மணம் செய்தோரைக் கொல்லும் வெறி எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

அந்த உரையில் அவர் ரிஸ்லி உள்ளிட்டோரின் விளக்கங்களை ஆராய்ந்து நிராகரித்தார். நிறவேற்றுமையில் ஊறிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதையே சாதியிலும் கண்டார்கள் என்பது அவரது விமர்சனம். 1936இல் சாதி ஒழிப்பு பற்றிய நூலில், பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும், சென்னையின் பார்ப்பனரும் சென்னையின் பறையரும் இனத்தால் வேறானவர்கள் அல்லர் என்றார். 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில், மூக்களவுத் தரவுகளையே எடுத்துக்கொண்டு, அவை இனக்கோட்பாட்டைப் பொய்யாக்குவதைக் காட்டினார். தலை அளவைக் கொண்டு போவாஸ் செய்ததை, மூக்களவைக் கொண்டு அம்பேத்கர் செய்தார்.

சாதி இனமன்று என்ற இந்த உண்மையை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. சாதி இனமல்ல, ஆகவே இனப்பாகுபாட்டுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை அதற்குப் பொருந்தாது என்று இந்திய அரசு வாதிட்டு வந்திருக்கிறது. அந்த உடன்படிக்கையில் வம்சாவளி என்ற சொல் இருக்கிறது. சாதிப் பாகுபாடு அதில் அடங்கும் என்று 2002இல் ஐக்கிய நாடுகள் அவையின் உரிய குழு தெளிவுபடுத்தியது. இனம் உயிரியலில் இல்லை, சாதியும் உயிரியலில் இல்லை. பிறப்பைக் காரணமாக்கி இழைக்கும் கொடுமை இரண்டிலும் உண்டு.

சார்பியம் கேடயமாகுமா?

போவாஸ் மரபின் கருத்துகளில் அதிகம் திரிக்கப்படுவது பண்பாட்டுச் சார்பியம். ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் சூழலில் வைத்து அறிய வேண்டும் என்றால், சாதியும் எங்கள் பண்பாடுதானே, வெளியார் அதை விமர்சிக்கலாமா என்று கேட்போர் உள்ளனர். மாணவர்கள் இந்த இடத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

சார்பியம் அறிவதற்கான முறை. ஒரு வழக்கம் ஏன் இருக்கிறது, யாருக்கு என்ன பொருள் தருகிறது என்று கண்டறியும் வரை நம் முன்முடிவுகளை விலக்கி வைக்கச் சொல்கிறது. அறிந்தபின் நியாயம் பேசக் கூடாது என்று அது சொல்லவில்லை. தாம் குடியேறிய நாட்டின் நிறவெறியையும், தாம் பிறந்த நாட்டின் நாஜிக் கொள்கையையும் எதிர்த்துப் பேசிய போவாஸே இதற்குச் சான்று. மேலும், எங்கள் பண்பாடு என்று பேசும்போது அந்த எங்கள் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு கிராமத்தின் பண்பாட்டை ஊரில் கேட்டால் ஒரு விடையும் சேரியில் கேட்டால் வேறொரு விடையும் கிடைக்கும். கோயில் திருவிழா ஊராருக்கு மரபு. தேர் தம் தெருவுக்கு வராத மக்களுக்கு அது ஆண்டுதோறும் நினைவூட்டப்படும் விலக்கு. பண்பாட்டை ஒற்றைக் குரலாகப் பதிவு செய்யும் ஆய்வு ஆதிக்கச் சாதியின் குரலையே பதிவு செய்கிறது. சார்பியத்தை நேர்மையாகக் கையாண்டால், ஒடுக்கப்பட்டோரின் பார்வையும் அதே மதிப்போடு கேட்கப்பட வேண்டும்.

கடைசி ஆண்டுகள்

முதல் உலகப் போர்க் காலத்தில் மானிடவியலாளர் நால்வர் ஆய்வு என்ற போர்வையில் அமெரிக்க அரசுக்கு ஒற்றர்களாக இருந்ததை 1919 டிசம்பரில் போவாஸ் ஓர் இதழில் அம்பலப்படுத்தினார். அதற்காக அமெரிக்க மானிடவியல் சங்கம் அவருக்கு எதிராகவே கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 20, எதிர்ப்பு 10. தான் தொடங்கிய துறையே தன்னைத் தண்டித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. அந்தத் தீர்மானத்தைச் சங்கம் திரும்பப் பெற்றது 2005இல்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியில் எரிக்கப்பட்ட நூல்களில் போவாஸின் நூல்களும் இருந்தன. எழுபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த அவர், அகதிகளாக வந்த அறிஞர்களுக்கு வேலை தேடித் தந்தார். நாஜி இனக்கோட்பாடு அறிவியலுக்குப் புறம்பானது என்று அறிவிக்குமாறு அமெரிக்க அறிவியலாளர்களைத் திரட்டினார். 1938 டிசம்பரில் வெளியான அறிக்கையில் 1,200க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தனர்.

1942 டிசம்பர் 21 அன்று, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பிரெஞ்சு மானிடவியலாளர் பால் ரிவேயைச் சிறப்பிக்கக் கொலம்பியாவில் நடந்த மதிய விருந்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே போவாஸ் சரிந்து உயிர்நீத்தார். அருகில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற லெவி-ஸ்ட்ராஸ். கடைசியாக அவர் பேசிக்கொண்டிருந்தது இனவெறியைப் பற்றி.

அளவுகோல்கள் இன்று உருமாறியிருக்கின்றன. தலையையும் மூக்கையும் அளந்து தகுதியை முடிவு செய்வதாக யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும், பேசும் ஆங்கிலத்தையும், குடும்பப் பின்னணியையும் கொண்டு, தகுதி சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கிறது என்பதுபோல் பேசுகிறார்கள். வகுப்பறையிலோ விடுதியிலோ அந்தப் பேச்சைக் கேட்கும் மாணவர், போவாஸ் தம் அளவீடுகளின் முன் நின்று கேட்ட கேள்வியை அங்கே கேட்கலாம்: இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பிறப்பா, அல்லது இந்த மனிதருக்கு இதுவரை கிடைத்ததும் மறுக்கப்பட்டதுமான வாழ்க்கையா?